பசியில்லாத இரவுகளில் சாப்பிடுவது: மிகையுண்ணல் கோளாறும் அதற்கான சிகிச்சைகளும்

எங்கள் வீட்டுக் குசினியில் லைற் போடாமலே எந்த ரின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மா ரின், சீனி ரின், வெளிநாட்டிலிருந்து தம்பி வந்தால் கொடுக்கவென்று அம்மா மேல்தட்டில் வைத்திருக்கும் பயித்தம் பணியாரம். ஏறக்குறைய ஆறு வருடங்களாக இரவு பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் குசினிக்குள் போயிருக்கிறேன். பசியில் அல்ல. இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். நின்றபடியே, மிஞ்சிய சோறு, காலைக்கென்று வாங்கிய பாண், சீனி என்று கைக்கு வந்ததையெல்லாம் வயிறு நோகும்வரை விழுங்குவேன். ருசி தெரியாது. பிறகு ரின்களை முன்பு இருந்த மாதிரியே அடுக்கிவிட்டு, பாண் சுற்றிய தாளைக் கைப்பைக்குள் ஒளித்து, அடுத்தநாள் வேலைக்குப் போகும் வழியில் எறிவேன்.

இதை நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாண் குறைவதை அம்மா கவனித்திருந்தா. "வன்னியில பட்டினி கிடந்த உடம்பு, சாப்பிடட்டும்" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சீனி பார்க்கப் போன இடத்தில் இருந்த தாதி, "பிள்ளை, வாயைக் கட்ட வேணும்" என்றா. வாயைக் கட்டினேன். காலைச் சாப்பாட்டை விட்டேன், மதியச் சோற்றைப் பாதியாக்கினேன், வெள்ளி விரதத்தோடு செவ்வாயும் சேர்த்துப் பிடித்தேன். இரவில் குசினிக்குள் போவது கூடியதே தவிரக் குறையவில்லை. அது ஏன் அப்படி நடந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முக்கியமான காரணமும் அதுதான்.

2022 இல் நித்திரை வராத பிரச்சினைக்காக ஒரு வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த வைத்தியர் நித்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "இரவில் எழும்பினால் என்ன செய்வீர்கள்?" என்றார். அந்தக் கேள்வியை அதற்கு முன் என்னிடம் யாரும் கேட்டதில்லை. அரை மணித்தியாலம் கதைத்த பிறகு, அவர் கிளினிக் கொப்பியில் ஒரு பெயரை எழுதினார்.

இந்த நோய் என்ன?

மருத்துவத்தில் அதற்குப் பெயர் பிஞ்ச் ஈற்றிங் டிஸோடர். தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். நான் மிகையுண்ணல் கோளாறு என்று எழுதுகிறேன். அமெரிக்க உளமருத்துவர் அல்பேர்ட் ஸ்ரங்காட் 1959 இலேயே இந்த உண்ணும் விதத்தை விவரித்திருந்தார். ஆனால் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடிக்க 2013 ஆகிவிட்டது. இப்போது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாட்டிலும் தனியாக இருக்கிறது.

கலியாண வீட்டில் இரண்டு தரம் பாயாசம் குடிப்பது இந்த நோயல்ல. கையேடு சொல்வது இதுதான்: குறுகிய நேரத்துக்குள், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள், அதே சூழ்நிலையில் மற்றவர்கள் சாப்பிடுவதை விடத் தெளிவாகக் கூடிய அளவு சாப்பிடுவது, அப்போது தன்னால் நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு இருப்பது. இது சராசரியாகக் கிழமைக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதங்களுக்கு நடந்திருக்க வேண்டும். வழமையை விட வேகமாகச் சாப்பிடுவது, வயிறு நோகும்வரை சாப்பிடுவது, பசியில்லாமலே நிறையச் சாப்பிடுவது, வெட்கத்தில் தனியே சாப்பிடுவது, பிறகு தன்மீதே அருவருப்பும் குற்ற உணர்வும் வருவது என்ற ஐந்தில் மூன்றாவது இருக்க வேண்டும். இதனால் அந்த ஆள் வேதனைப்பட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை இன்னும் நெகிழ்வானது. அளவு மிகப் பெரிதாக இல்லாவிட்டாலும், கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதா என்பதைத்தான் அது முக்கியமாகப் பார்க்கிறது.

சாப்பிட்டதை வெளியேற்ற வாந்தி எடுப்பது, வயிற்றோட்டக் குளிசை போடுவது என்பன தொடர்ந்து இருந்தால் அது புலிமியா என்ற வேறு நோய். இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், அதை வைத்தியரிடம் மறைக்கவே கூடாது.

இன்னொன்று. இந்த நோய் உள்ளவர்கள் எல்லோரும் பருத்தவர்கள் அல்ல. ஆண்களுக்கும் வரும், மற்ற உண்ணல் கோளாறுகளோடு ஒப்பிட்டால் இதில் ஆண்களின் பங்கு கூட. எங்கள் ஊர்களில் ஆண் நிறையச் சாப்பிட்டால் "நல்ல சாப்பாட்டுக்காரன்" என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்களோ.

பட்டினி விட்டுப் போவது

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடுக்காது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள் என்று சோதித்தே எடுத்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு. ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களைப் போர் முடிந்ததும் எப்படித் தேற்றுவது என்று அறிவதுதான் நோக்கம். அவர்கள் தங்கள் எடையில் ஏறக்குறையக் கால்வாசியை இழந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தார்கள், கனவு கண்டார்கள், கோப்பையை நக்கினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமானது. சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது சிலரால் நிறுத்த முடியவில்லை. வயிறு நிறைந்து நோகும்போதும் பசிக்கிறது என்றார்கள். சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது.

1994 இல் கனடாவில் ஜெனற் பொலிவியும் சகாக்களும் இரண்டாம் உலகப் போரின் முன்னாள் வீரர்களிடம் இதே கேள்வியைக் கொண்டுபோனார்கள். போர்க் கைதிகளாக இருந்து பட்டினியால் மெலிந்தவர்களிடம், போரில் நின்றும் சிறைப்படாதவர்களை விட மிகையுண்ணல் கூடுதலாகக் காணப்பட்டது. போர் முடிந்து அப்போது ஏறக்குறைய ஐம்பது வருடங்கள்.

இதை வாசித்த அன்று நான் கொப்பியை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். 2009 இல் எனக்குப் பதினாறு வயது. மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் நாங்கள் எதைச் சாப்பிட்டோம் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அதற்கு முன்னரும் 1990களின் பொருளாதாரத் தடை, 2006 இல் ஏ9 பாதை பூட்டப்பட்ட பின்னரான குடாநாடு, பிறகு மெனிக் பாம் வரிசைகள். எங்களில் மூன்று தலைமுறைகள் பட்டினியைக் கண்டிருக்கின்றன. அதற்காக, பட்டினி கிடந்த எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்றில்லை. ஒருநாளும் பட்டினி கிடக்காதவர்களுக்கும் வரும். பரம்பரை, மனச்சோர்வு, சிறுவயதில் பட்ட கொடுமைகள், கடுமையான டயற் என்று பல வழிகளால் வரும். ஆனால் பட்டினியும் ஒரு வழி. ஏன் வாயைக் கட்டக் கட்ட எனக்குக் கூடியது என்பதற்கு இங்கேதான் விடை இருந்தது. பகல் முழுக்கப் பட்டினி போட்ட உடம்பு இரவில் கணக்குத் தீர்த்தது.

முதலில் கொடுக்கப்படும் சிகிச்சை

பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனமான நைஸ் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு படிமுறை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு முதற்படி வழிநடத்தலோடு கூடிய சுய உதவி. ஒரு சுய உதவி நூலைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியே அதன்படி செய்வார்; பயிற்சி பெற்ற ஒருவர் நாலு முதல் ஒன்பது தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமளவில் சந்தித்து, சரியாகப் போகிறதா என்று பார்ப்பார். நாலு கிழமையில் பலன் தெரியாவிட்டால் அடுத்த படி, குழுவாகச் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: கிழமைக்கு ஒன்றாகப் பதினாறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். குழு கிடைக்காவிட்டால் அல்லது குழுவில் இருக்க விருப்பமில்லாவிட்டால் தனியாக 16 முதல் 20 அமர்வுகள்.

இந்த முறைகளின் பின்னால் ஒக்ஸ்போட்டின் உளமருத்துவர் கிறிஸ்ரோபர் பெயர்பேர்ண் இருக்கிறார். 1995 இல் அவர் எழுதிய சுய உதவி நூல்தான் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் மையத்தில் இருப்பது டயற் அல்ல, அதற்கு நேர்மாறானது: ஒழுங்காகச் சாப்பிடுவது. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டோ மூன்றோ சிறு தீனி, எந்த இடைவெளியும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும், முதல்நாள் இரவு நிறையச் சாப்பிட்டிருந்தாலும் அடுத்தநாள் காலைச் சாப்பாடு கட்டாயம்.

எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. உளவளத்துணையாளர் அக்கா ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கச் சொன்னா. நேரம், சாப்பிட்டது, இடம், கட்டுப்பாடு போனதா, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று சாப்பிட்ட உடனேயே எழுத வேண்டும். இரவில் இருந்து யோசித்து எழுதக்கூடாது. கலோரி எண்ணக்கூடாது. எடையைக் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் பார்க்கக்கூடாது. காலை ஏழுக்கு இடியப்பமோ பாணோ, பத்து மணிக்குத் தேத்தண்ணியும் ஒரு பிடி கடலையும், பன்னிரண்டரைக்குச் சோறு, நாலு மணிக்கு ஒரு வாழைப்பழமோ வாய்ப்பனோ, இரவு ஏழரைக்குப் புட்டு. முதல் இரண்டு கிழமை "இப்படிச் சாப்பிட்டால் வெடித்துப் போவேன்" என்று அவவுடன் சண்டை பிடித்தேன். மூன்றாம் கிழமையில் கொப்பியைத் திருப்பிப் பார்த்தபோது குசினிக்குப் போன இரவுகள் ஐந்திலிருந்து இரண்டாகியிருந்தன. போன இரண்டு நாளும் மதியம் சாப்பிடாமல் விட்ட நாட்கள்.

அடுத்த படிகள் இதன்மேல் கட்டப்படுகின்றன. உந்துதல் வரும்போது செய்யக்கூடியவற்றுக்கு ஒரு பட்டியல்: யாருக்காவது போன் எடுப்பது, குளிப்பது, முற்றத்தில் நடப்பது. உந்துதல் ஏறி ஏறிப் பிறகு தானாக இறங்கும் என்பதை அனுபவத்தில் கண்டுகொள்வதுதான் இதன் பயன். பிறகு, விலக்கி வைத்திருந்த சாப்பாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்ப்பது. எனக்கு அது பாண். பிறகு, உடம்பின் தோற்றத்தை வைத்தே தன்னை எடைபோடும் பழக்கத்தைத் தொடுவது. இந்தச் சிகிச்சையை முடிப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மிகையுண்ணல் முற்றாக நின்றுவிடுகிறது. இன்னும் பலருக்குக் குறைகிறது. எடை பெரிதாகக் குறையாது. நைஸ் வழிகாட்டலே இதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. மெலிய வேண்டும் என்று இந்தச் சிகிச்சைக்கு வருபவர் ஏமாறுவார்.

விரதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி இருக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. சிகிச்சை நடந்த அந்த வருடம் நான் இருக்கவில்லை. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தா. கோயில் ஐயாவிடம் கேட்டேன். வருத்தக்காரருக்கு விலக்கு உண்டு என்றார். நோன்பு பிடிக்கும் முஸ்லிம் சகோதரர்களும் தவக்காலத்தில் ஒறுத்தல் செய்யும் கத்தோலிக்கர்களும் இதே கேள்வியைத் தங்கள் வைத்தியரிடமும் சமயப் பெரியவரிடமும் கேட்கலாம்.

உறவுகளைப் பற்றிக் கதைக்கும் சிகிச்சை

மனச்சோர்வுக்கென ஜெரால்ட் கிளேர்மன், மைர்னா வைஸ்மன் ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கிய ஆளிடை உளச்சிகிச்சை மிகையுண்ணலுக்கும் பயன்படுகிறது. இதில் சாப்பாட்டைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. துக்கம், உறவில் முரண்பாடு, வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றம், தனிமை ஆகிய நாலில் எது சாப்பாட்டின் பின்னால் இருக்கிறது என்று தேடி, அதில் வேலை செய்வார்கள். 2010 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 205 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்தச் சிகிச்சையும், ஒரு பகுதிக்கு வழிநடத்தலோடு கூடிய சுய உதவியும், மற்றப் பகுதிக்கு எடை குறைப்புத் திட்டமும் கொடுத்தார்கள். இரண்டு வருடங்களின் பின் பார்த்தபோது முதல் இரண்டும் எடை குறைப்பை விட நன்றாக மிகையுண்ணலை நிறுத்தியிருந்தன.

என் கொப்பி என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்தது. "அதற்குச் சற்று முன் என்ன நடந்தது" என்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே விடயம்: தம்பியின் போன். அவன் பாரிசில் இருக்கிறான். ஞாயிறு இரவில் எடுப்பான், அன்பாகக் கதைப்பான், காசு அனுப்புவான். போனை வைத்ததும் நான் குசினிக்குள். அக்கா இதைச் சுட்டிக்காட்டியபோது நான் இரண்டு அமர்வுகளுக்குப் போகவில்லை. மூன்றாவது முறை போய்ச் சொன்னேன்.

வலைஞர்மடத்தில் ஒருநாள் அப்பா எங்கிருந்தோ கொஞ்ச மா கொண்டுவந்தார். அம்மா ரொட்டி சுட்டா, ஆளுக்கு ஒன்று. தம்பிக்கு ஒன்பது வயது, காய்ச்சலில் நித்திரை. அவனுடையதை ஒரு மூடிக்குள் வைத்திருந்தா. பங்கருக்குள் இருட்டில் அதை நான் சாப்பிட்டேன். நாய் கொண்டுபோய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பாவை நாங்கள் மே மாத நடுப்பகுதிக்குப் பிறகு காணவில்லை. அவர் கடைசியாகக் கொண்டுவந்த சாப்பாடு அதுதான் என்று என் மனம் ஒரு கணக்கு வைத்திருந்தது. அது சரியா என்றுகூடத் தெரியாது.

அக்கா எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளைக்கு அப்ப எத்தனை வயசு?" என்று கேட்டா. தம்பியைக் கேட்கிறா என்று நினைத்து ஒன்பது என்றேன். "இல்லை, ரொட்டி சாப்பிட்ட பிள்ளைக்கு."

பல அமர்வுகளின் பின், தம்பியிடம் போனில் சொன்னேன். அவனுக்கு அந்த ரொட்டி ஞாபகமில்லை. காய்ச்சல் வந்ததே ஞாபகமில்லை. "அக்கா, எனக்கு அங்க நடந்ததில பாதி ஞாபகமில்லை, நீ ஏன் அதெல்லாம் வச்சிருக்கிறாய்" என்றான். எனக்கு அது நிம்மதியாக இருக்கவில்லை, கோபம்தான் வந்தது. அன்றிரவும் குசினிக்குப் போனேன். ஆனால் அடுத்த மாதங்களில் ஞாயிறு இரவுகள் மெல்ல மெல்ல மற்ற இரவுகள் மாதிரி ஆகின.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்பார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துக்கத்துக்குச் சடங்கும் இல்லை, முடிவும் இல்லை. மறந்துவிடு, ஏற்றுக்கொள் என்று அவசரப்படுத்தும் உளவளத்துணையாளர் உங்களுக்குப் பொருத்தமானவர் அல்ல. வேறு ஒருவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

போர் நினைவுகள் கொடுங்கனவாகவும் திடுக்கிடலாகவும் வந்து, அதை அமுக்கச் சாப்பிடுகிறீர்கள் என்றால் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவுக்கும் சிகிச்சை வேண்டும். வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லிப் பதிவுசெய்யும் கதைசொல் சிகிச்சை அவற்றில் ஒன்று. 2004 சுனாமிக்குப் பின், போரையும் கடலையும் கண்ட பிள்ளைகளிடம் எங்கள் வடகிழக்கில் ஒரு முகாமிலேயே அது சோதிக்கப்பட்டது. தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுக்கப்பட்ட பிள்ளைகளும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். அந்த ஆய்வு பார்த்தது மனவடுவை, சாப்பாட்டை அல்ல. கோபமோ துக்கமோ பொங்கும்போது தன்னைத் தாங்கிக்கொள்ளக் கற்றுத்தரும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையும் இருக்கிறது. மார்ஷா லைனஹன் உருவாக்கியது. இலங்கையில் அதைத் தமிழில் முறையாகச் செய்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

குளிசைகள்

மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்பது நைஸ் வழிகாட்டலின் நிலைப்பாடு. ஆனாலும் மருந்துக்கு ஓர் இடம் உண்டு. லிஸ்டெக்ஸ்அம்பெற்றமின் என்ற மருந்தை, கவனக்குறைவுக் கோளாறுக்கு ஏற்கெனவே பாவனையில் இருந்ததை, அமெரிக்கா 2015 ஜனவரியில் வளர்ந்தவர்களின் மிகையுண்ணலுக்கு அங்கீகரித்தது. பின்னர் கனடாவும் அவுஸ்திரேலியாவும் அங்கீகரித்தன. அது ஒரு தூண்டு மருந்து. பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு, பிரஷரையும் இதயத் துடிப்பையும் கூட்டும், எடை குறைக்கவென்று கொடுக்கக்கூடாது. இதயநோய் உள்ளவர்கள் அவசியம் சொல்ல வேண்டும். இங்கே நான் போன கிளினிக்குகளில் அதை ஒருவருக்கும் எழுதியதைக் காணவில்லை. புளூஒக்சற்றின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் எங்கள் வைத்தியசாலைகளில் இருக்கின்றன. மனச்சோர்வும் சேர்ந்திருப்பவர்களுக்கு அவை பயன்படும். மிகையுண்ணலையும் ஓரளவு குறைக்கும். ரொப்பிரமேற் என்ற வலிப்பு மருந்தும் குறைக்கிறது. ஆனால் ஞாபகத்தை மந்தமாக்கும். கர்ப்பத்தில் பிள்ளைக்குக் குறைபாடு வரலாம்.

எங்கள் மக்களுக்கு இதைவிட முக்கியமான ஒரு விடயத்தை யாரும் சொல்வதில்லை. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் குளிசையே பசியைக் கூட்டலாம். ஒலன்சபின், மேற்றசப்பின், அமித்ரிப்ரலின், வல்புரோயேற் எல்லாம் அப்படிப்பட்டவை. போருக்குப் பிறகு நித்திரைக்கும் பதகளிப்புக்குமென இவற்றில் ஒன்றை வருடக்கணக்கில் போடுபவர்கள் எத்தனையோ பேர். நானும் போட்டேன். தாமாக நிறுத்துவது ஆபத்து. "இந்தக் குளிசை தொடங்கிய பிறகு சாப்பாடு கூடினது, மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். எனக்கு மாற்றினார்கள்.

நீரிழிவுக்காரர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்சுலினையோ கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளையோ போட்டுவிட்டு சாப்பிடாமல் விட்டால் சீனி இறங்கும். நடுக்கமும் வியர்வையும் அடங்காப் பசியும் வரும். அது மிகையுண்ணல் போலவே இருக்கும், ஆனால் அதற்கு மருந்தின் அளவையோ சாப்பாட்டு நேரத்தையோ மாற்ற வேண்டும்.

எடை குறைக்கும் புதிய ஊசிகளைப் பற்றி வெளிநாட்டு உறவினர்கள் நிறையக் கதைக்கிறார்கள். மிகையுண்ணல் கோளாறுக்கான சிகிச்சையாக அவை அங்கீகரிக்கப்படவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையும் இந்த நோய்க்கு மருந்தல்ல. கட்டுப்பாடிழந்து சாப்பிடுவது பிறகும் திரும்பக்கூடும் என்பதால் அதற்கு முன்னரே இதைச் சொல்லிவிட வேண்டும். முகநூலில் விற்கும் மெலிவுத் தூள்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

எங்கே போவது?

உண்ணல் கோளாறுக்கென்று தனிக் கிளினிக் எங்கள் மாவட்டத்தில் இல்லை. ஆனால் அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகள் இலவசம். மாவட்ட வைத்தியசாலைகளிலும் பல ஆதார வைத்தியசாலைகளிலும் உளநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரிடமும் தொடங்கலாம். ஆட்கள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் மூன்று தடவை கண் கிளினிக்குக்குப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். வழிநடத்தலோடு கூடிய சுய உதவிக்குச் சிறப்பு நிபுணர் கட்டாயமில்லை. பொறுமையான ஓர் உளவளத்துணையாளரும், ஒரு கொப்பியும், ஒழுங்கான சாப்பாட்டு நேரமும் போதும். மூன்று நேரமும் சாப்பிடக் காசில்லாத வீட்டில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். 2022 இல் நானும் கேட்டேன். விலை கூடிய சாப்பாடு தேவையில்லை, நேரம்தான் முக்கியம் என்றா அக்கா. ஒரு நேரத்துப் புட்டை இரண்டாகப் பிரித்தாலும் சரி. உண்மையிலேயே வீட்டில் சாப்பாடு இல்லையென்றால் அது சிகிச்சையால் தீர்க்கும் பிரச்சினை அல்ல.

பிரித்தானியாவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டால் அவர் உரிய இடத்துக்கு அனுப்புவார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கக்கூடாது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். இரத்த வாந்தி, நெஞ்சுநோ, மயக்கம் என்றால் 1990 அம்புலன்ஸ்.

வீட்டில் உள்ளவர்கள் பாணை எண்ணாதீர்கள், ரின்களைப் பூட்டாதீர்கள், சாப்பாட்டு மேசையில் எடையைப் பற்றிக் கதைக்காதீர்கள். அம்மாவுக்கு இதைப் பழக்க எனக்கு ஒரு வருடம் போனது. இப்போது இரவு குசினியில் சத்தம் கேட்டால் எழும்பி வந்து, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்பா. சிலவேளை இரண்டு பேரும் லைற்றைப் போட்டுவிட்டு இருந்து குடிப்போம். கடந்த ஆறு மாதத்தில் நான் மூன்று தடவை பழையபடி சாப்பிட்டேன். மூன்றும் கொப்பியில் இருக்கின்றன, ஒன்று மே மாதத்தில்.

முதல்நாள் வைத்தியர் முன் வாய் திறக்க வராது என்று பயந்து நான் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன். அதை அப்படியே தருகிறேன், வேண்டியவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: "இரவில் பசியில்லாமல் நிறையச் சாப்பிடுகிறேன். நிறுத்த முடியவில்லை. கிழமையில் நாலைந்து நாள், ஆறு வருடமாக. வாந்தி எடுப்பதில்லை. போடும் குளிசைகள் இந்தக் கொப்பியில் இருக்கின்றன. யாருக்கும் தெரியாது."